வேப்பங்கொட்டைக்கு அடுத்து அரைத்த முருங்கை

மாவு மில் வைத்திருப்பவனை ஊரில் யாரும் பெரிய ஆளாக நினைப்பதில்லை. அனுமந்தன்பட்டியில் பத்தொன்பது வருடமாக மில் ஓட்டுகிறேன். எந்தக் கல்யாணப் பத்திரிகையிலும் என் பெயரைப் போட்டதில்லை. ஆனால் இந்த ஊரின் வயிற்றுக்குள் போகிற கேப்பை மாவு, மல்லித்தூள், மிளகாய்த்தூள் எல்லாம் என் கையைத் தாண்டித்தான் போகின்றன. போர்டில் 'ராஜா முகம்மது மாவு மில்' என்று எழுதியிருக்கிறது. ஊர் சொல்வது பாய் மில்.

மில்லுக்கு ஒரு முறை உண்டு. இரண்டு மெஷின். ஒன்று அரிசி, கம்பு, கேப்பைக்கு. இன்னொன்று மசாலாவுக்கு. மசாலா மெஷினில் காலையில் மஞ்சள், அடுத்து மல்லி, அதற்குப் பிறகுதான் மிளகாய். சனிக்கிழமை சாயங்காலம் சீயக்காய். வேப்பங்கொட்டையை மட்டும் அமாவாசைக்கு முந்தின நாள் கடைசியாகப் போடுவேன். கொட்டையில் எண்ணெய் இருக்கிறது. சல்லடைக் கண்ணில் அப்பிக்கொள்ளும், மாவு இறங்குகிற துணிப்பையில் ஊறிவிடும். மறுநாள் அமாவாசை, மில்லுக்கு லீவு. மெஷினைக் கழற்றி, சல்லடையைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, பையைத் துவைத்துக் காயப்போட்டு, கடைசியில் இரண்டு படி நொய்யரிசியை அரைத்துக் கோழிக்குக் கொட்டினால்தான் மெஷின் மனிதருக்கு ஆகும். இது வரிசையில் நிற்கிற பெண்களுக்கே தெரியும். "அண்ணே, எனக்கு முன்னாடி யாரு, என்னத்த அரைச்சாக?" என்று கேட்டுவிட்டுத்தான் தூக்குச் சட்டியை இறக்கி வைப்பார்கள்.

இது தெரியாத ஒரே பெரிய மனிதர் தமிழ்மாறன்.

தமிழ்மாறன் இருபத்திரண்டு வருடம் உத்தமபாளையம் ரோட்டில் பூச்சிமருந்துக் கடை வைத்திருந்தவர். திராட்சைக்கு வாரம் இரண்டு மருந்து, கத்தரிக்கு மூன்று மருந்து என்று அடிக்கச் சொல்லி அடிக்கச் சொல்லி, பட்டாம்பூச்சிகூட அவர் கடைப்பக்கம் பறக்காது. 2006-இல் வெளியூரில் நடந்த மூன்று நாள் பயிற்சி ஒன்றுக்குப் போனார். சாப்பாடு நன்றாக இருந்ததாம். திரும்பி வரும்போது தோளில் பச்சைத் துண்டு. கடைப் போர்டில் 'பூச்சிமருந்து' என்பதை அழித்துவிட்டு 'இயற்கை இடுபொருள்' என்று எழுதச் சொன்னார். பெயிண்டர் சோம்பேறி. பழைய மண்டையோட்டுப் படம் பச்சை பெயிண்டுக்கு அடியில் இன்னும் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கிறது.

அன்றிலிருந்து எதற்கும் பொடிதான். சர்க்கரை வியாதியா, நாவல் கொட்டைப் பொடி. முடி கொட்டுகிறதா, கறிவேப்பிலைப் பொடி. மருமகள் பேச்சுக் கேட்கமாட்டேன் என்கிறாள் என்று ஒரு பெரியவர் போய் நின்றபோது நெல்லிக்காய்ப் பொடி கொடுத்து அனுப்பினார். மருமகளுக்கு இல்லை, பெரியவருக்கு.

பொடியை நான் குறை சொல்லமாட்டேன். எங்கள் ஊர் விவசாயி ஒச்சாண்டி தட்டப்பயறு மூட்டையில் நொச்சியிலைப் பொடி கலந்து வைத்தான். வருடம் முழுக்க வண்டு விழவில்லை. வேப்பங்கொட்டைத் தூளைத் துணியில் கட்டி ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கத்தரிக்கு அடித்தவர்களுக்குப் புழு குறைந்தது. இலையும் கொட்டையும் பாவம், அதது வேலையை ஒழுங்காகச் செய்தன. அவற்றைக் கையில் பிடித்துக்கொண்டு மேடையேறிய மனிதர்தான் தாங்க முடியவில்லை. 'இலைப்பொடி இமயம்' என்று தனக்குத்தானே பட்டம் கொடுத்து நோட்டீஸ் அடித்தார். அந்த இமயம் சாயங்காலமானால் கம்பம் பஸ் ஸ்டாண்டில் புரோட்டாவைப் பிய்த்துப் போட்டு சால்னா ஊற்றிக்கொண்டிருக்கும். ஒருநாள் நான் நேராகவே பார்த்துவிட்டேன். "ஆய்வுக்காக" என்றார்.

சங்கிலியம்மாள் வேறு ரகம். அவள் பேச்சு குறைவு. தினமும் காலை ஐந்தரைக்கு என் மில்லுக்கு எதிரே வந்து நிற்கிற ஜீப்பில் ஏறி, கம்பம்மெட்டு வழியாக மலைக்கு மேலே ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிறவள். எட்டுப் பேர் உட்காருகிற ஜீப்பில் பதினெட்டுப் பெண்கள். அதில் நாலு பேர் பின்னால் தொங்கிக்கொண்டு போவார்கள். போன வருடம் மெட்டு இறக்கத்தில் அந்த ஜீப் வளைவில் சாய்ந்தது. யாரும் சாகவில்லை, சங்கிலியம்மாளின் இடது தோள் மட்டும் இறங்கிப்போனது. கட்டுப்போட்டு இரண்டு மாதம் வீட்டில் இருந்தாள். மூன்றாவது மாதம் மறுபடி அதே ஜீப், அதே டிரைவர், அதே வளைவு. "கண்ண மூடிக்கிட்டுப் போயிருவேண்ணே. வளைவு முடிஞ்சதும் பக்கத்துல ஒக்காந்திருக்கிற மலையம்மா தொடையில கிள்ளுவா. அப்பறந்தான் தொறப்பேன்" என்று ஒருமுறை சொன்னாள்.

அந்த ஜீப்பிலிருந்து இறங்கவேண்டும். அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

அதற்காகத்தான் அந்தப் பதினெட்டுப் பேரும் மகளிர் குழுவில் முருங்கை இலைப் பொடி போட ஆரம்பித்தார்கள். தலைவி சங்கிலியம்மாள். தோட்டத்துக்கு லீவான ஞாயிற்றுக்கிழமை இலை பறிப்பு. காம்பு, பழுப்பு, புழு கடித்த இலை எல்லாம் கழித்து, உப்புத் தண்ணீரில் ஒருமுறை, நல்ல தண்ணீரில் இருமுறை அலசி, வெயில் படாத மச்சில் வெள்ளை வேட்டி விரித்து நான்கு நாள் காயவைப்பார்கள். தொட்டால் சரசரக்க வேண்டும், பச்சை மாறக்கூடாது. என் மெஷினில் காலை முதல் ஈடாக, மஞ்சளுக்கும் முன்னால், அந்த இலையைத்தான் போடுவேன். பொடியைத் திறந்தால் மழை பெய்த கொல்லை வாசம் வரும். என் வீட்டுக்காரி சுபைதா தோசை மாவில் ஒரு கரண்டி கலந்து ஊற்றுவாள். என் பேரன்களுக்கு அதில் இலை இருப்பதே தெரியாது.

இந்த வருடம், 2008 தை மாதம், கொச்சியிலிருந்து ஒரு ஏற்றுமதிக் கம்பெனிக்காரர் பொடியைப் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. பிடித்திருந்தால் மாதாமாதம் எடுத்துக்கொள்வார். பதினெட்டுப் பேருக்கும் ஊரிலேயே வேலை. தகவல் எப்படியோ தமிழ்மாறன் காதுக்குப் போய்விட்டது. மறுநாளே என் மில் வாசலில் பந்தல் போட ஆட்கள் வந்து நின்றார்கள்.

"வெறுமனே பொடியை எடுத்துக் கொடுப்பதா? விழாவாக நடத்துவோம். வெள்ளிக்கிழமை. விருந்தினர் கண் முன்னாலேயே அரைத்து, கண் முன்னாலேயே சூப் வைத்துக் கொடுக்கிறோம். தலைப்பு: உழவும் உணவும்" என்றார் தமிழ்மாறன். அவர் வீட்டில் கூட அச்சடித்த தமிழில்தான் பேசுவார்.

வெள்ளிக்கிழமை காலை நிகழ்ச்சி நிரலை என் கையில் கொடுத்தார். முதலில் உழவு: வேப்பங்கொட்டை அரைத்தல். அடுத்து உணவு: முருங்கை இலை அரைத்தல்.

"அய்யா, இது ஆகாது. கொட்டை போட்ட மெஷின்ல திங்கிற சாமான் போடக்கூடாது. முருங்கைய மொதல்ல அரைச்சுருவோம், கொட்டைய அப்பறம் போட்டுக்கலாம்" என்றேன்.

"நிரல் அச்சாகிவிட்டது ராஜா. உழவை இரண்டாவதாக வைத்தால் விவசாயியை அவமதித்ததாக ஆகாதா?"

"எந்த விவசாயிய்யா இதுக்குக் கோவிச்சுக்கிறான்?"

"பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் இரண்டையும் முடிக்க வேண்டும்" என்று கடிகாரத்தைப் பார்த்தவர், குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்: "கம்பெனி இந்த ஊருக்குப் புதிதாக ஒரு ஸ்டீல் மெஷின் தரப்போகிறது. யார் மில்லில் வைப்பது என்று என்னிடம்தான் யோசனை கேட்டிருக்கிறார்கள்."

நான் வாயை மூடிக்கொண்டேன். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. பத்தொன்பது வருடம் காப்பாற்றிய முறையை, கண்ணால் பார்க்காத ஒரு ஸ்டீல் மெஷினுக்காக அரை நிமிடத்தில் விட்டேன்.

ஒன்பதரைக்கு வேப்பங்கொட்டை அரைத்தோம். கைதட்டினார்கள். போட்டோ எடுத்தார்கள். தமிழ்மாறன் அந்தத் தூளை இரண்டு கையிலும் அள்ளிச் சிரித்துக்கொண்டு நின்றார். முருங்கையைக் கொட்டுவதற்கு முன்னால் மனசு கேட்காமல் நொய்யரிசிப் படியைத் தூக்கினேன். மெஷின் வாயையாவது துடைத்த மாதிரி இருக்குமே. பாய்ந்து வந்து என் கையைப் பிடித்துவிட்டார்.

"வெள்ளையாக எதையும் கொட்டாதே! விருந்தினர் திரும்பிப் பார்த்தால் போச்சு. மாவு கலப்படம் என்று நினைத்துவிடுவார்."

சுத்தம் செய்கிற அரிசி கலப்படமாம். சுத்தம் செய்யாத மெஷின் இயற்கையாம். படியைக் கீழே வைத்தேன். சங்கிலியம்மாள் விழா தொடங்கியதிலிருந்தே பந்தலுக்கு அந்தப் பக்கம் கொச்சிக்காரருக்கு இலை காயவைத்த வேட்டியைக் காட்டிக்கொண்டிருந்தாள். அவள் இங்கே நின்றிருந்தால் படியைப் பிடுங்கி அவளே கொட்டியிருப்பாள்.

மலையம்மாள் வீட்டு அண்டாவில் சூப் கொதித்தது. சின்ன வெங்காயம், மிளகு, சீரகம் எல்லாம் சரியாகத்தான் போட்டிருந்தார்கள். முதல் டம்ளர் தமிழ்மாறனுக்கு. ஒரு மடக்கு உள்ளே போனதும் அவர் கண் விரிந்தது. இருபத்திரண்டு வருடம் மருந்து விற்றவர் ஆயிற்றே, விஷயம் புரிந்திருக்கும். மைக்கைப் பிடித்தார்.

"அன்பர்களே, இது கசக்கும்! இனிப்பைத் தின்று கெட்டுப்போன நாக்குக்கு உண்மை கசக்கத்தான் செய்யும். உடம்பு சுத்தமாக உள்ளவருக்கு இந்தக் கசப்புக்குப் பின்னால் ஒரு தித்திப்புத் தெரியும். தெரியாதவர்கள் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்!"

அதற்கு மேல் யார் வாயைத் திறப்பது? ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர் சீனிச்சாமி ஒரு மடக்குக் குடித்தார். முகம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. "தித்திப்புத் தெரியுதுல்ல சார்?" என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டார். "தெரியுது தெரியுது, நல்லாவே தெரியுது" என்றார். அதைக் கேட்டு இன்னொரு டம்ளர் ஊற்றிவிட்டார்கள். மனிதர் அதையும் குடித்தார். பந்தல் முழுக்க ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு கஷ்டப்பட்டு விழுங்கினார்கள். நானும்தான்.

கொச்சிக்காரர் கண்ணை மூடி, நாக்கைச் சுழற்றி, மெதுவாகத் தலையாட்டினார். "நல்ல கய்ப்பு! இதுதான் மருந்து. நான் பத்து ஊரு சாம்பிள் பார்த்து. எல்லாம் புல்லு டேஸ்ட்டு. இது மாத்ரம் ஒறிஜினல். மாசம் இருநூறு கிலோ எடுக்கும். இதே கய்ப்பு வேணும், கொறையான் பாடில்லா, கொறையவே கூடாது."

பெண்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். மலையம்மாள் அழுதே விட்டாள். சங்கிலியம்மாள் மட்டும் டம்ளரை வாயில் வைத்தவள், முந்தானையில் துப்பி, என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

அன்று சாயங்காலம் மில்லுக்கு வந்தாள். "அண்ணே, இது எங்க பொடி இல்ல."

"ஒங்க எலையத்தான ஆத்தா அரைச்சேன்."

"அதான் சொல்றேன். வேப்பங்கொட்டையையும் அங்கனதான் அரைச்சீக. அத மொதல்ல போட்டீகளாம்ல? மலையம்மா சொன்னா. எதுக்குண்ணே?"

தமிழ்மாறனிடம் கேள் என்று சொல்லி அனுப்பினேன்.

தமிழ்மாறனிடம் பதில் தயாராக இருந்தது. மறுநாள் குழுவைக் கூட்டி, ஒரு மூட்டை இலைக்கு இரண்டு கைப்பிடி வேப்பங்கொட்டை என்று கணக்குச் சொன்னார். அதற்கு 'சுவைச் சீரமைப்பு' என்று பெயரும் வைத்துவிட்டார். டப்பாவில் ஒட்டுகிற லேபிள் மாதிரியையும் காட்டினார். நாலு கலரில் வயிறு பெருத்த ஒரு பெண் படம். பக்கத்தில், கர்ப்பிணிகளுக்கும் வளரும் குழந்தைகளுக்கும் தினமும் இரண்டு கரண்டி.

திங்கட்கிழமை சமுதாயக் கூடத்தில் கையெழுத்து. தலைவியின் கையெழுத்து இல்லாமல் ஒப்பந்தம் இல்லை. என்னையும் நாற்காலி போட்டு உட்காரவைத்திருந்தார்கள், அரைக்கிற மில் என்ற முறையில். கொச்சிக்காரர் பேனாவை நீட்டினார். சங்கிலியம்மாள் பேனாவை வாங்காமல் முந்தானைக்குள்ளிருந்து ஒரு டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"சார், அன்னைக்கு நீங்க குடிச்சது முருங்கைக் கசப்பு இல்ல, வேப்பங்கொட்டைக் கசப்பு. கத்திரிச் செடிக்கு அடிக்கிறது. இதுதான் எங்க பொடி. நேத்து வீட்டு ஒரல்ல நானே இடிச்சு, வேட்டியில சலிச்சது. இதக் குடிச்சுப் பாருங்க."

தமிழ்மாறன் எழுந்தார். "அம்மா, வேம்பு நம் தெய்வம்."

"தெய்வந்தான்யா. அதுக்காக வகுத்துக்குள்ள கரைச்சு ஊத்துவீகளா? புள்ளத்தாச்சி படம் போட்டிருக்கீகளே, கரு தங்கக்கூடாதுன்னு நெனைக்கிறவுகதான் இங்கன வேப்பங்கொட்டையத் தொடுவாக. எம் மருமக ஏழு மாசம். அவளுக்குக் குடுக்காததை ஊரா வீட்டுப் புள்ளைக்கு நான் குடுப்பனா?"

கொச்சிக்காரர் என் பக்கம் திரும்பினார். "மில்லுக்காரரே, இந்தம்மா சொல்றது சத்யமா? அந்த மெஷின்ல வேம்பு உண்டாயிருந்ததா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சங்கிலியம்மாள் நம்பிக்கையோடு பார்த்தாள். அதுதான் இன்றுவரை என்னை அறுக்கிறது. எனக்குப் பக்கத்து நாற்காலியில் தமிழ்மாறன் துண்டைச் சரிசெய்தபடி, எனக்கு மட்டும் கேட்கும்படி, "ஸ்டீல்" என்று ஒரு சொல் சொன்னார்.

"அன்னைக்குக் கூட்டம் சாஸ்தி சார்... எது முன்ன, எது பின்னன்னு சரியா ஞாபகம் இல்ல" என்றேன்.

பத்தொன்பது வருடமாக எந்தப் பெண் கேட்டாலும், அவளுக்கு முன்னால் என்ன அரைத்தேன் என்று தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்கிறவன் நான்.

கொச்சிக்காரர் டப்பாவைத் திறந்து, ஒரு சிட்டிகையை நாக்கில் வைத்தார். உதட்டைப் பிதுக்கினார். "இதில் கய்ப்பே இல்லா. இது வெறும் எல." மூடியை மூடி அவள் பக்கம் தள்ளினார். "அந்தப் பொடின்னா நான் கையெழுத்துப் போடும். இது எனக்கு வேண்டா."

மலையம்மாள் வந்து சங்கிலியம்மாள் கையைப் பிடித்தாள். "ஆத்தா, யாரோ எந்தச் சீமையிலயோ திங்கப் போறாக. நாம கீழயே இருந்துக்கலாம்ல. கண்ண மூடிக்கிட்டு ஒரு கையெழுத்துப் போட்டுரு."

"எனக்கு மட்டும் மெட்டு ஏற உசுரு இருக்கா மலையம்மா?" சங்கிலியம்மாளின் குரல் உடைந்தது. "அந்த வளைவுக்குக் கண்ண மூடுறேன். இதுக்கு எப்புடி மூடச் சொல்ற?"

டப்பாவை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே போனாள். அவள் பின்னால் யாரும் போகவில்லை. பதினேழு பெண்களும் அவளைத் திட்டத் தொடங்கினார்கள். அவர்களை எப்படிக் குற்றம் சொல்வேன்? நான் உண்மையைச் சொல்லியிருந்தால், குறைந்தபட்சம் அந்தத் திட்டில் பாதியாவது எனக்கு வந்து சேர்ந்திருக்கும்.

விஷயம் வீட்டுக்கு எனக்கு முன்னால் போயிருந்தது. சோற்றுத் தட்டை வைத்தபடி சுபைதா, "எம்புட்டுப் பெரிய மெஷினுங்க அது?" என்று மட்டும் கேட்டாள். அந்த மெஷின் வரவே இல்லை. இலைப்பொடி இமயத்துக்கு ஆண்டிபட்டிப் பக்கம் வேறொரு குழு கிடைத்து, பந்தலும் மைக்கும் அங்கே போனதாகக் கேள்வி. அங்கே என்ன அரைத்தார்கள், எதற்குப் பின்னால் அரைத்தார்கள் என்று கேட்க எனக்கு என்ன யோக்கியதை.

செவ்வாய்க்கிழமை காலை ஐந்தரைக்கு ஜீப் வந்தது. நான் மில் கதவைத் திறந்துகொண்டிருந்தேன். பதினேழு பேரும் ஏறினார்கள். சங்கிலியம்மாளோடு யாரும் பேசவில்லை. உள்ளே இடமும் யாரும் விடவில்லை. பின்னால் கம்பியைப் பிடித்துத் தொங்குகிற இடம்தான் அவளுக்கு. தோள் இறங்கியவள். ஏறப்போனவள் ஏதோ நினைத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டி என்னிடம் வந்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். திட்டினால் நல்லது என்றும் நினைத்தேன்.

"அண்ணே, மருமகளுக்கு இலை காயப்போட்டிருக்கேன். ஞாயித்துக்கெழம கொண்டாறேன். மெஷின நல்லாக் கழுவி வைங்க" என்றாள்.

எனக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. ஈ விழாத அளவுக்குக் கழுவிவைக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். வந்த வார்த்தை வேறு. "என்னய நம்பியா ஆத்தா கொண்டாற?"

"ஒரு டப்பா இடிச்சதுக்கே தோளு வீங்கிப்போச்சு" என்றாள். டிரைவர் ஹாரன் அடித்தான். அவள் திரும்பி நடந்துகொண்டே சொன்னாள்: "ஊருல வேற மில்லு ஏதுண்ணே?"